கழுத்து ஏற்றிய மழைக்காலம்

என் வீட்டுக்காரருக்குக் கழுத்து மெலிசு. கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதே கவனித்தேன். மாலை இரண்டு தோளிலும் கிடந்தது, நடுவில் கழுத்து தனியாக நின்றுகொண்டிருந்தது. அதற்காக யாராவது கல்யாணத்தை நிறுத்துவார்களா? அப்போது அவர் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தார். டிக்கெட் கிழிக்கக் கழுத்து எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் கொட்டகையைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் அவருக்கு நிலையான வேலை இல்லை. எழுபதுகளின் கடைசி அது. உத்திரமேரூரைச் சுற்றி எங்களைப் போல நிலமில்லாதவர்களுக்கு நடவு, களை, அறுப்பு என்று வேலை இருக்கும். அதுவும் இல்லாத மாதங்களில் செங்கல் சூளை. நான் சூளையில் கல் சுமப்பவள். தலையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் கல்லை அடுக்கிக்கொண்டு, பச்சைக்கல் காயும் களத்திலிருந்து சூளை வாய்வரை நடக்க வேண்டும். இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். தையில் ஆரம்பித்தால் மழை பிடிக்கும் வரைக்கும் அதே நடைதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தலையில் பலகை இன்னும் இருப்பது போலவே இருக்கும்.

முதல் பிள்ளை அந்த நடையில்தான் போயிற்று. நாலாம் மாசம். வயிற்றைப் பிடிக்கிறது என்று பலகையை இறக்கிவிட்டு வேலியோரம் போனேன், அவ்வளவுதான். ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு மறுபடி பலகையைத் தூக்கினேன். வேறென்ன செய்வது? அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரியில் இருந்த நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தலையில் ஒரு குண்டூசி கூட வைக்கக் கூடாது, வைத்தால் இதுவும் தங்காது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். தை பிறந்தால் சூளை திறந்துவிடும். நான் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அது மட்டுமில்லை, எங்கள் சூளையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி வர முடியாமல் போனால் அவள் வீட்டிலிருந்து வேறு ஒருத்தி அவள் இடத்தில் நின்று சுமக்க வேண்டும். அக்காவோ தங்கச்சியோ மாமியாரோ யாரோ. ஆள் வராவிட்டால் அந்த இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். ராஜகுளத்தில் இருந்த என் அம்மாவுக்கு இடுப்பே நிமிராது.

இருந்த ஒரே வழி ரைஸ் மில். திருப்புலிவனம் போகிற ரோட்டில் இருந்தது. அங்கே மூட்டை தூக்குகிற செட்டில் பத்துப் பேர். வருஷம் பூராவும் வேலை, நொய்யும் தவிடும் தனியாகக் கிடைக்கும். ஒருத்தன் சம்பாதித்தால் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். அதில் ஒரு ஆள் மெட்ராஸுக்குப் போய்விட்டான், தையில் அவன் இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரைத் துரத்தி அனுப்பினேன்.

அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். செட்டுக்குத் தலைவர் ஒரு கிழவர். மாடு வாங்குகிறவன் மாட்டைப் பார்ப்பது போல இவருடைய பிடரியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாராம்.

“இன்னாபா, கோழிக் கழுத்த வெச்சிக்கினு மூட்டைக்கு வந்துகிற. தை பொறந்து வா. கழுத்து ஏறிகீதான்னு பாத்துட்டு சொல்றன்.”

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டை பிடரியில்தான் உட்காரும், கழுத்து இல்லாதவன் மேல் ஏற்றினால் அவனுக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே! கழுத்தை ஏற்றிக்கொண்டு வா என்றுதானே சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

கழுத்தை எப்படி ஏற்றுவது? அதற்கும் வழி தானாக வந்தது. கடையில் காய்ந்த மிளகாய் மடித்துக் கொடுத்த காகிதம் ஏதோ தேகப்பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்தது. ஜட்டியோடு ஒரு ஆள் படம். தலையும் கழுத்தும் ஒரே அகலம். இந்த ஆள் சட்டை போட்டால் பொத்தானை எங்கே கொண்டுபோய் மாட்டுவான் என்று யோசித்தேன். கீழே கழுத்தைத் தடிக்க வைக்க நாலு பயிற்சி போட்டிருந்தது. அவருக்குப் படிக்க வராது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

முதலாவது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தலையை முன்னால் தள்ள வேண்டும், கை விடக்கூடாது. இரண்டாவது, விரல்களைக் கோத்துப் பின்மண்டையில் வைத்துக்கொண்டு தலையைப் பின்னால் தள்ள வேண்டும். மூன்றாவது, அதே மாதிரி இடது பக்கம், வலது பக்கம். நாலாவது, கட்டிலில் மல்லாந்து படுத்துத் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏது கட்டில்? அதற்கு மட்டும் நெல் புழுக்குகிற அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் படுத்தார்.

மனுஷர் செய்யத்தான் செய்தார், ஆனால் அவர் கையே அவருக்குச் சாதகமாக இருந்தது. நெற்றி தள்ளினால் கை விட்டுக்கொடுத்துவிடும். இது ஏமாற்று வேலை என்று நான்தான் எதிரே உட்கார்ந்து என் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தேன். கார்த்திகை மழையில் நடவு நட்டுவிட்டு, நனைந்த புடவையோடு வந்து, உலை வைத்து, கஞ்சி குடித்து, அப்பாடா என்று சாயும் நேரத்தில் அவர் வந்து முன்னால் உட்கார்ந்து நெற்றியை நீட்டுவார். மசக்கை வேறு புரட்டும். நான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் அவர் நெற்றியை அழுத்துவேன். முன்னால் முப்பது, பின்னால் முப்பது, பக்கத்துக்கு முப்பது. எண்ணும்போதே தூங்கிப் போய்விடுவேன். அவர் அப்படியே நெற்றியைத் தள்ளிக்கொண்டே, எத்தனை ஆயிற்று என்று கேட்பார். இருபத்தெட்டு என்பேன். எத்தனையோ நாள் அது பொய்.

அளவு பார்க்க ஒரு வாழைநார் எடுத்தேன். ஈரநாரைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, சேருகிற இடத்தில் முடிச்சுப் போட்டுக் கூரையில் செருகி வைத்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துச் சுற்றிப் பார்த்தால் முடிச்சு சேரவே இல்லை. ஒரு விரல் அகலம் இடைவெளி! கழுத்து ஒரு விரற்கடை ஏறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் அன்றைக்குத் தெருவில் கழுத்தைத் திருப்பித் திருப்பி நடந்தார். நானும் நர்சம்மா சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை நிற்கும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

மறுநாள் பூத்தொடுக்கிற பெண் ஒருத்தி காய்ந்த நாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் நாரைத் தண்ணீரில் போட்டு, ஊறியதும் அவர் கழுத்தில் சுற்றினேன். முடிச்சு கச்சிதமாகச் சேர்ந்தது. கழுத்து ஏறவில்லை, நார்தான் காய்ந்து சுருங்கியிருந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு யார் மேல் என்றே தெரியவில்லை. காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை சொன்னேன். கையை வைத்து அழுத்துவதெல்லாம் வேலைக்காகாது. என் கழுத்தைப் பார், எந்தப் புத்தகம் படித்து இது ஏறியது? சுமந்தால்தான் கழுத்து. நாளையிலிருந்து நான் சுமக்கிறதை நீ சும. இப்படிச் சொன்னது நான்தான். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. எப்போதுமே மறுக்கமாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

மறுநாளிலிருந்து ஏரிக்கரை அடிப் பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது அவர் வேலை. ஆம்பிளை தலையில் குடம் வைத்து நடந்தால் தெரு சிரிக்கும் என்று விடியுமுன்னே போவோம். நான் கூட நடப்பேன். பிறகு கொல்லையில் கூடை நிறைய ஈரமணல் வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வைத்தேன். முதல் நாள் நாலடியில் குடம் சரிந்து முழுக்க நனைந்தார். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, அதை அவருக்குக் குரல் கட்டும்வரை சொன்னேன்.

“கண்ண நேரா வெய்யி. கழுத்து குனியவே கூடாது. குனிஞ்சா செம எறங்கிப் பூடும்.”

மார்கழி முடியும்போது கையைப் பிடிக்காமல் மணற்கூடையோடு நடந்தார். குனிந்து செருப்பைப் பார்ப்பது கூட நின்றுபோயிற்று. நாரை நனைத்து வைத்துச் சுற்றினேன். இந்தத் தடவை நிஜமாகவே முடிச்சு சேரவில்லை. பின்கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு கயிறு மாதிரி எழும்பியிருந்தது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பொங்கலுக்கு வைத்த பானையைக் கூட அப்படிச் சந்தோஷமாகத் தொட்டதில்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் மில்லுக்கு வரச் சொன்னார்கள். நானும் பின்னாலேயே போய், நெல் காயப்போடும் பெண்களோடு களத்து ஓரத்தில் நின்றுகொண்டேன். அஞ்சாம் மாசம், வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கிழவர் இவர் பிடரியை அழுத்திப் பார்த்தார். புருவம் ஏறியது. பரவாயில்லை என்பது மாதிரி தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது.

கோதுமைச் சாக்கு ஒன்றை முக்காடு போலக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி இவர் பிடரியிலும் முதுகிலுமாக வைத்தார்கள். இன்னொருவர் குனி குனி என்று தலையை அமுக்கினார். தரையில் நடந்தவரைக்கும் நன்றாகத்தான் போனார். லாரியில் ஏற சாய்த்துப் போட்டிருந்த பலகையில் காலை வைத்தார். மூன்றடி ஏறினார். பலகை ஆடியது. ஆடியதும் அவர் கண்ணை நேராக வைத்தார். கழுத்து நிமிர்ந்தது. கொல்லையில் மணற்கூடை ஆடும்போதெல்லாம் நான் கத்துவேனே, கழுத்த குனியாத, கழுத்த குனியாத என்று, அதேதான். நிமிர்ந்த கழுத்தின் மேல் மூட்டை எப்படி நிற்கும்? முதுகோடு வழுக்கிப் பின்னால் போயிற்று. பலகைக்குக் கீழே விழுந்து வாய் பிரிந்து அரிசி கொட்டியது. பின்னால் வந்தவன் எகிறிக் குதித்துத் தப்பித்தான். இன்னொரு மூட்டை கொடுத்துப் பார்த்தார்கள். அதே மூன்றாவது அடியில் அதே நிமிர்தல்.

அடுத்தது வேண்டாம் என்று கிழவர் கையைக் காட்டினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் களத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“நல்ல கழுத்துதான்பா. ஆனா நீ பொம்பள செம செமக்கற. பலகையில பயந்துட்டா பழக்கந்தான் முன்னால வரும். ஒருத்தன் காலு போச்சின்னா நானா பதில் சொல்றது?”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் பொத்தவில்லை. சொல்லிக்கொடுத்தவள் நான். அவர் என் பக்கம் திரும்பக் கூட இல்லை, இவள்தான் இப்படிச் செய்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் பயம் என்னைப் பிடுங்கித் தின்றது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நடுரோட்டில், இதைச் சொன்னேன்.

“பத்து பேரு எதிர்ல பொம்பளன்னு பேரு வாங்கிக்கினு வந்துகிறியே, தூ.”

அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சூளை திறந்தது. நான் விடியலில் எழுந்து சும்மாட்டுத் துணியைத் தேடினேன், காணவில்லை. பலகையும் இல்லை. அவரும் இல்லை. சாயங்காலம் செம்மண் தூளோடு வந்து உட்கார்ந்தார். உன் இடத்தில் நான் சுமக்கிறேன், மேஸ்திரி ஒத்துக்கொண்டார், நீ வூட்ல இரு என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் வரிசையில் ஒரு ஆம்பிளை, பெண்கூலிக்கு. தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்? சில நாள் அவர் வரும்போது கதவுப் பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறேன். ஆனால் உட்கார்ந்தேன். தை, மாசி, பங்குனி, சித்திரை என்று உட்கார்ந்தேன். என் ஆயுசில் அத்தனை நாள் தலை காலியாக இருந்தது அப்போதுதான்.

வைகாசி கடைசியில் பெண் பிறந்தது. நர்சம்மா எடை போட்டுப் பார்த்து, நல்ல கனம் என்றார்.

மழைக்காலம் போய் அடுத்த தை வந்ததும் நான் என் இடத்துக்குத் திரும்பினேன். பிள்ளையை வேப்பமரக் கிளையில் தூளி கட்டிப் போட்டேன். அவருக்கு அதே சூளையில் மண் மிதிக்கிற ஆட்களோடு ஆம்பிளை வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் காலை, மேஸ்திரி நோட்டை விரித்து ஆஜர் கூப்பிட்டார். என் பேர் வந்தது. இருக்கேன் என்றேன். உடனே வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்றவளிடம் என்ன சிரிப்பு என்று கேட்டேன். அவள் முதலில் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு பலகையில் கல் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“போன வருசம் பூரா இந்தப் பேருக்கு உன் வூட்டுக்காரரு இல்ல கொரல் குடுத்தாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னு எங்கள கேட்டுக்கினாரு.”

இடம் என் பேரில் இருந்தது. நோட்டில் வேறு பேர் எழுதினால் இடம் கைமாறிவிடும். முதல் நாள் என் பேரைக் கூப்பிட்டபோது அவர் பேசாமல் நின்றாராம். இரண்டாம் தடவையும் நின்றாராம். மூன்றாவது தடவை கூப்பிட்டு, ஆள் இல்லை என்றால் பேரை அடித்துவிடுகிறேன் என்று மேஸ்திரி பேனாவை எடுத்ததும், இருக்கேன் என்றாராம். மண் மிதிக்கிற ஆட்கள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பிறகு தினமும், முதல் தடவையிலேயே சொல்லிவிடுவாராம்.

அதற்குப்பின் நான் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. கண் நேராகத்தான் இருந்தது, ஆனால் முன்னால் எதுவும் தெரியவில்லை. சோற்று வேளைக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு மண் குழிக்குப் போனேன். முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். தூக்கை வைத்துவிட்டுக் கேட்டேன். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். ரோட்டில் நான் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டுதானே சொல்லவில்லை என்றும் கேட்டேன். அவர் கூழைக் கரைத்துக்கொண்டே இருந்தார்.

“இருக்கேன்னு சொல்லலன்னா உன் எடம் பூடும்னாரு மேஸ்திரி. பேருதான, சொன்னா இன்னா?”

அத்தனை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையை அவர் நெற்றியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாய் நிறையக் கூழோடு, பழைய பழக்கத்தில், அவர் தலையை முன்னால் தள்ளினார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முப்பது வரைக்கும், பொய் சொல்லாமல் எண்ணினேன்.